ஏரிக்கு முதுகைக் காட்டி

2023 ஜூலை 8, சனி. லைட் ஹவுஸ் குப்பம்

பாலத்தைத் தாண்டும்போது ஆட்டோக்காரர் கேட்டார்: "பூநாரையெல்லாம் போயிடுச்சேம்மா, இப்ப எதுக்கு வர்றீங்க?"

பழவேற்காட்டுக்கு ஆள் வருவது மார்கழி, தை மாதங்களில்தான். படகு பேசி ஏரிக்குள் போவார்கள். தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தால் படம் எடுத்துக்கொள்வார்கள். டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நண்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணல் பட்டையில் நின்று கிழக்கே பார்ப்பவர்கள் குறைவு. நான் வந்தது அதற்காக.

ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் கடற்பறவைகளின் மாதங்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதித் தீவுகளில் குஞ்சு வளர்த்து முடித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கியதும் வடக்கே கிளம்பும் ஷியர்வாட்டர்கள் இப்போது நம் பக்கத்துக் கடல்களில் சுற்றும். அண்டார்டிகாவிலிருந்து வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் வரும். நாற்பது கிராம்கூடத் தேறாத பறவை அது. கேரளக் கரைக்கு இந்தப் பருவம் வசதி, தென்மேற்குக் காற்று பறவையைக் கரைப்பக்கம் தள்ளிக் கொடுக்கும். நமக்கு அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. பறவை வெளியே ஒதுங்கிவிடுகிறது. சோழமண்டலக் கரையின் கடற்பறவைப் பட்டியல் மெலிந்திருப்பதைக் காட்டி, "இங்கே ஒன்றும் வராது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தூரம்தான் பிரச்சினை. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். ஈர மணலில் நின்றால் எனக்கு நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. படகு ஏற்றி வைக்கும் மேட்டுக்குப் போனால் கண் 4 மீட்டர் உயரத்துக்கு வரும், தொடுவானம் 7 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும். இன்னொரு லாபமும் உண்டு. மேட்டிலிருந்து பார்த்தால் அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் தெரியும். ஷியர்வாட்டர் ஒளிவது அங்கேதான். தொலைநோக்கியின் முக்காலியை அந்த மேட்டில் இரண்டு பைபர் படகுகளுக்கு நடுவே நட்டுவிட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருக்கிறார்.

ஜூலை 9, ஞாயிறு

கிழக்குக் கரையில் காலைச் சூரியன் முகத்துக்கு நேரே எழும். ஆறு மணிக்கெல்லாம் கடல் தகடாய் மின்ன, அதன்மேல் போகிற எல்லாமே கறுப்பு. வெள்ளைப் பறவையும் கறுப்பு, பழுப்புப் பறவையும் கறுப்பு. அலகின் நிறம், முதுகின் சாயல் என்று புத்தகங்கள் சொல்லும் எதுவும் இந்த நேரத்தில் உதவாது. அதனால் காலைப் பொழுதை உருவத்துக்கும் பறப்புக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

தெற்கே வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. அதற்கு இந்தப் பக்கம், காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குள் போகக் காத்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள். குறிப்பில் எல்லாம் அந்தக் கப்பல்களை வைத்தே எழுதுகிறேன்: "இரண்டாவது கப்பலுக்கு இடப்பக்கம், தெற்கு நோக்கி, தாழ்வாக." தொலைநோக்கியை 25 மடங்குக்கு மேல் ஏற்றுவதில்லை. அதற்கு மேல் போனால் பறவையைவிடக் கானல்தான் பெரிதாகத் தெரியும். வடக்கிலிருந்து தெற்காக மெல்ல ஒரு வீச்சு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடியும் வடக்கிலிருந்து. பறவையின் அளவைத் தனியாக மதிப்பிடுவது கடலில் நடக்காத காரியம். ஒரு படகுக்குப் பக்கத்தில் அது கடக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆலாவைப் பழகிவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதுதான். ஆலா சிறகை ஆழமாக அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு லேசாக எழும்பி இறங்கும். அலகு கீழ்நோக்கி இருக்கும். பெரிய கொண்டை ஆலா கொஞ்சம் கனத்து, நிதானமாகப் போகும். சின்ன ஆலாவின் சிறகடி பதற்றமாக இருக்கும். கடற்காகம் அகலச் சிறகை வீசிப் போடும், அவசரப்படாது. ஷியர்வாட்டர் இவை எதையும் செய்யாது. சிறகை விறைப்பாக நீட்டி நாலைந்து அடி அடிக்கும். அப்புறம் ஒருபக்கமாகச் சாய்ந்து அலைப் பள்ளத்துக்குள் இறங்கும். மறுபக்கம் சாய்ந்து மேலே வரும். நீர்மட்டத்தோடு உரசும் காற்றின் வேகம் குறைவு, சில மீட்டர் மேலே அதிகம். அந்த வித்தியாசத்தில்தான் அது சிறகடிக்காமலே காதக்கணக்கில் போகிறது. காற்று செத்த நாளில் நீரில் உட்கார்ந்துவிடும். அதனால் கடல் தட்டையாக இருக்கும் நாளில் ஷியர்வாட்டரைத் தேடி உட்காருவது வீண்.

ஏழரைக்குப் பெரியவர் ஒருவர் வந்து படகின் நிழலில் உட்கார்ந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம், கண் மட்டும் போகிறது. தொடுவானத்துப் பக்கம் ஒரு புள்ளி வந்ததும், "நம்ம மாப்ள படகு" என்றார். எண்ணும் நிறமும் எனக்குத் தொலைநோக்கியில் தெரிவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வர்ற வெதந்தான். அணியத்தத் தூக்கிக்கிட்டு வருது பாரு. பின்னால ஆளு ரெண்டு பேரு நின்னா அப்பிடி வரும்." பறவைக்கும் இதுவேதான்.

ஜூலை 10, திங்கள்

கடல் தட்டை. ஏரியின் முகத்துவாரம் பக்கம் நடந்து போனேன்.

மணல்திட்டில் பெரிய கொண்டை ஆலாக்கள், எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றிருந்தன. அவற்றோடு ஆரஞ்சு அலகுள்ள சிறிய கொண்டை ஆலாக்கள் சில, சிவப்பு அலகோடு ஒரு காஸ்பியன் ஆலா. கடலில் தூரத்தில் பார்க்க வேண்டியவற்றை நிற்கும்போது பக்கத்தில் பார்த்து மனசில் ஏற்றிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பெரிய கொண்டை ஆலாவின் முதுகு சாம்பலில் ஒரு படி அடர்த்தி கூட. சிறியதன் முதுகு வெளுப்பு. அலகு தெரியாத தூரத்தில் அந்த ஒரு படிதான் கைகொடுக்கும்.

திட்டின் உயரமான பகுதியில் சின்ன ஆலாக்கள் தலைக்கு மேல் வந்து கத்தின. உடனே நின்றுவிட்டேன். எனக்கு நாலடி முன்னால் ஒரு குஞ்சு, மணலோடு ஒட்டிப் படுத்திருந்தது. மணல் நிறம், அதன்மேல் மிளகுப் பொட்டுகள். கண் மட்டும் திறந்திருந்தது. கழுத்தடி துடிப்பது தெரிந்தது. பக்கத்திலேயே நாயின் கால் தடம். வந்த வழியில் என் காலடியிலேயே மிதித்துத் திரும்பினேன். குளிர்காலத்துப் பூநாரைக்கு வனத்துறைக் காவல் உண்டு. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலிருந்து பறவைகள் சரணாலயம். ஆனால் சித்திரையிலிருந்து ஆடிவரை இந்த மணல்மேல் முட்டையிடும் கைப்பிடிப் பறவைக்கு ஒரு கயிறு கட்டக்கூட ஆளில்லை. நாலு மூங்கில் கழி, ஒரு கயிறு, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் போதும்.

முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் கல் சுவர் கட்டுவதைப் பற்றித்தான் ஊரில் பேச்சு. மீன்பிடிக்கிறவர்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. வாய் அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் இறாலும் வராது, படகும் வெளியே போக முடியாது. சுவர் வந்தால் இந்தத் திட்டு எங்கே நகரும் என்பதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

மத்தியானம் ஒரு மணிவாக்கில் மேல்காற்று அடங்கி, கடற்காற்று ஏறியது. கோடையிலும் ஆடியிலும் இந்தக் கரையில் கிட்டத்தட்ட தினமும் நடப்பது இது. கடற்பறவை பார்ப்பவருக்கு இது பெரிய வரம். சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், கடலின்மேல் விழும் வெளிச்சம் நேராக இருக்கும், காற்றும் பறவையைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலை ஐந்தரைக்கு வந்து ஒன்பதுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காட்டுப் பறவைக்கு அது சரி. இந்தக் கரையில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரைதான் நிறம் தெரியும்.

நாலு மணிக்கு, மூன்றாவது கப்பலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே, தெற்கு நோக்கி ஓர் ஆலா. கொண்டை ஆலாவைவிடச் சிறியது. ஒரு பைபர் படகைக் கடந்தபோது இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க முடிந்தது. மேல்பக்கம் கருமை, அடிப்பக்கம் பளீரென்ற வெள்ளை. ஒவ்வொரு திருப்பத்திலும் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தன. சிறகு நீளம், பறப்பில் ஒரு துள்ளல். நீருக்குள் பாயவில்லை, தாழ வந்து மேலிருந்து கொத்திக்கொண்டு எழுந்தது. ஒன்றரை நிமிடத்தில் கானலுக்குள் போய்விட்டது.

கருமுதுகு ஆலா என்றால் இங்கே இரண்டு பெயர்கள்: பிரைடில்ட் ஆலா, சூட்டி ஆலா. முன்னதன் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. கருந்தொப்பிக்கும் முதுகுக்கும் நடுவே கழுத்தில் ஒரு வெளிறிய பட்டை இருக்கும். நெற்றி வெள்ளை மெல்லியதாய்க் கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். பின்னதன் முதுகு மை. நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிடும், கழுத்துப் பட்டை இல்லை. ஐந்து கிலோமீட்டரில் நெற்றியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. முதுகும் தொப்பியும் ஒரே நிறமா, வேறு வேறா என்பதைத்தான் கேட்க வேண்டும். வேறு வேறு மாதிரிதான் பட்டது. குறிப்பில் "கருமுதுகு ஆலா, பெரும்பாலும் பிரைடில்ட்" என்று எழுதி, பார்த்ததை மட்டும் அடியில் வரிசையாக எழுதினேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது பெரியவரிடம் சொன்னேன். "கருப்பு முதுவு, வெள்ள வயிறு. தெரியுமே. கட்ட மேல குந்திக்கினு போற பட்சிதான அது?" என்றார்.

ஜூலை 13, வியாழன்

நேற்றும் இன்றும் மூட்டம். சாயங்காலம் மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல்.

உட்கார்ந்து பழைய இதழ் ஒன்றைப் படித்தேன். 2013-இல் 'இந்தியன் பேர்ட்ஸ்' இதழில் பிரவீண், ராஜா ஜயபால், ஆஷீஷ் பிட்டி மூவரும் இந்தியாவின் அரிய பறவைப் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். முதலில் கையிலெடுத்தது கடற்பறவைகளை. அதில் ஆச்சரியமில்லை. காட்டில் ஒரு பறவையை மறுநாளும் போய்ப் பார்க்கலாம், இன்னொருவரைக் கூட்டிப் போகலாம். கடலில் போனது போனதுதான். பார்த்தவர் எழுதி வைத்த வரிகள் மட்டுமே சாட்சி. பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போனவரின் பதிவை ஐம்பது வருஷம் கழித்து யாராலும் காப்பாற்ற முடியாது. சிறகை எப்படி அடித்தது, எவ்வளவு உயரம், எந்தப் படகுக்குப் பக்கத்தில், வெளிச்சம் எங்கிருந்து என்று எழுதியவரின் பதிவு, அவர் போட்ட பெயர் மாறினாலும் உயிரோடு இருக்கும்.

நாளை சந்திரயான்-3 கிளம்புகிறது. கடலுக்குப் போகக்கூடாது என்று குப்பங்களில் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 14, வெள்ளி

இப்படி ஒரு கடலை நான் பார்த்ததில்லை. நங்கூரக் கப்பல்களைத் தவிர ஒரு படகு இல்லை. மற்ற நாட்களில் வலை இழுக்கும் படகுகளைச் சுற்றியே ஆலாக்கள் மொய்க்கும். என் பார்வையும் தன்னாலே அங்கேயே போகும். இன்று கூட்டம் கூட நிமித்தமில்லை. ஒன்றும் இரண்டுமாகக் கடல் முழுக்கப் பரவி, தாங்களாகவே மீன் தேடிக்கொண்டிருந்தன. படகில்லாக் கடலில் அளவை ஒப்பிட ஒன்றும் கிடைக்காது என்பது ஒரு குறை. ஆனால் பறவை படகோடு சேர்ந்து நடந்துகொள்வது வேறு, தனியே நடந்துகொள்வது வேறு என்பதை ஒரே நாளில் இவ்வளவு தெளிவாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது.

இரண்டு மணிக்கெல்லாம் கரையில் திருவிழாக் கூட்டம். சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். 2.35-க்கு வடக்கே ஒரு வெளிச்சம் எழும்பி, வெண்புகைத் தூணாகி, கிழக்கே கடல்மேல் வளைந்து மேகத்துக்குள் போனது. சத்தமில்லை. பிள்ளைகள் கைதட்டி முடித்த பிறகு, ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்து, அந்த முழக்கம் வந்து சேர்ந்தது. ஏவுதளம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். மணல்திட்டில் நின்ற ஆலாக்கள் நெருப்பைக் கண்டு அசையவில்லை. முழக்கம் வந்ததும் ஒரே வீச்சில் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் காற்றுக்கு முகம் கொடுத்து இறங்கின. எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஒரு நாட்டுக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது சாதாரணமா!

கூட்டம் கலைந்ததும் மேட்டுக்கு வந்தேன். கடற்காற்று பலமாக இருந்தது, அலையில் வெள்ளை முறிந்தது. நாலரைக்கு, தொடுவானத்துக்கு இப்பக்கம், ஒரு கருந்துண்டு சாய்ந்து ஏறியது. இறங்கியது. காணோம். எட்டு வரை எண்ணினேன், இடப்பக்கம் தள்ளி மீண்டும் ஏறியது. விறைத்த சிறகு, உடம்போடு சேர்ந்த மாதிரி ஒரே கருமை. சாயும்போது அடிப்பக்கம் வெள்ளை வரவே இல்லை. வெயில் முதுகுப் பக்கம் இருந்ததால் அதை நம்பலாம். வெள்ளை வயிறுள்ள பெர்சியன் ஷியர்வாட்டர் இல்லை.

முழுக் கறுப்பில் இங்கே முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு. பிளெஷ்-பூட்டட் ஷியர்வாட்டருக்கு இளஞ்சிவப்பு அலகும் கறுத்த நுனியும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கிலும் செயின்ட் பால் தீவிலும் கூடு கட்டுவது. உடம்பு கனம், பறப்பு நேர்க்கோடு, நிதானம். வெட்ஜ்-டெயில்ட் ஷியர்வாட்டருக்குச் சாம்பல் அலகு, நீண்ட வால், அகலச் சிறகு. செஷல்ஸ், மஸ்கரீன் பக்கம் கூடு கட்டும். காற்றில் எடையில்லாமல் மிதக்கும், சிறகை முன்னே வளைத்துப் பிடிக்கும். இன்றைய பறவை வளைத்துப் பிடித்த மாதிரி இருந்தது, வாலும் நீளம். ஆனால் பலத்த காற்றில் எதுவும் மிதக்கும். ஆறு தடவை ஏறி இறங்கித் தெற்கே போனது. "முழுக்கருமை ஷியர்வாட்டர், ஒன்று" என்று எழுதி, ஏறி இறங்கியதைக் கோடாக வரைந்து வைத்தேன். இந்த வரியில் எனக்கு முழுத் திருப்தி.

ஜூலை 15, சனி

படகுகள் ராத்திரியே போய்விட்டன. ஒன்பது மணிக்குக் கரையில் காரப்பொடியும் கவலையும் குவிந்தன. நெத்திலி குறைவு. தெற்கேயிருந்து ஓடும் தெந்தி வெள்ளம் பலமாக இருப்பதால் வலை சரியாக நிற்கவில்லையாம்.

வீட்டுக்கார அம்மாவின் மகன் தூங்கி எழுந்து வந்து, "ஐயா சொன்னாரு, டீச்சரம்மா. இத பாருங்க" என்று போனை நீட்டினான். போன மாதம் இருபது பாக ஆழத்துக்கு அப்பால் எடுத்த வீடியோ. வலையிலிருந்து அறுந்த தெர்மாகோல் மிதப்பு ஒன்று அலையில் ஏறி இறங்குகிறது. அதன்மேல் ஒரு பறவை. படகு நெருங்க நெருங்க அது எழவில்லை. ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு, மிதப்பு ஆடும் பக்கத்துக்கெல்லாம் தலையை மட்டும் நேராக வைத்துக்கொண்டிருக்கிறது. கருந்தொப்பி. நெற்றியிலிருந்து வெள்ளைக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே ஓடுகிறது. கழுத்துக்குப் பின்னால் அந்த வெளிறிய பட்டை. முதுகு ஈரச் சாம்பலும் பழுப்பும். கடைசியில் அலுத்துக்கொண்டு எழுந்து, வெள்ளை வயிற்றைக் காட்டித் திரும்புகிறது.

பிரைடில்ட் ஆலா, சந்தேகமே இல்லை. மிதக்கும் கட்டை, ஆமை முதுகு, பாட்டில் என்று எது கிடைத்தாலும் உட்காருவது இதன் குணம். சூட்டி ஆலா அப்படி உட்காருவது அபூர்வம், வருஷக்கணக்கில் சிறகிலேயே வாழும். பெரியவர் "கட்ட மேல குந்திக்கினு போற பட்சி" என்று சொன்னபோதே இரண்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டார். இறகைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்!

இந்தப் பறவை மகாராஷ்டிரத்தின் வெங்குர்லா பாறைகளில் கூடு கட்டுகிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே உள்ள மணல்தீவுகளிலும் கட்டுகிறது. கூட்டம் கூட்டமாக இலங்கையின் மேற்குக் கரையோரம் தெற்கே போவதைக் கொழும்பில் கரையில் நின்றே ரெக்ஸ் டி சில்வா பதிவு செய்திருக்கிறார். ஒரு நகரத்துக் கடற்கரையில் நின்று, பொறுமையாக, ஆண்டுதோறும். நம் பக்கம் இவை எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு போகின்றன என்பதற்கு அப்படி ஒரு தொடர் பதிவு வேண்டும். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-இலிருந்து இருக்கிறது. சென்னையில் பறவை பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆடி மாதத்துச் சாயங்காலங்களை முறை போட்டுப் பங்கிட்டுக்கொண்டால் முடிந்துவிடும்.

ஜூலை 17, திங்கள். ஆடி முதல் நாள்

அமாவாசையும் சேர்ந்து வந்ததால் படகு போகவில்லை. கோயில் பக்கம் ஒலிபெருக்கி. கூழுக்கு அழைத்தார்கள்.

நேற்று ராத்திரி ஒரு தாள் தயார் செய்தேன். படகில் போகிறவர்கள் நிரப்ப, எளிதாக: நாள், நேரம், எத்தனை பாகம், வெள்ளம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், பறவை எதன்மேல் உட்கார்ந்திருந்தது, போனில் படம் உண்டா. பெயருக்குக் கட்டம் வைக்கவில்லை. படத்தையும் குணத்தையும் வைத்துப் பெயரைக் கரையில் போட்டுக்கொள்ளலாம். மகன் நாலு பிரதி கேட்டான். கூனங்குப்பத்தில் அவன் கூட்டாளி இருக்கிறான், கோரைக்குப்பத்தில் மச்சான். ஜிபிஎஸ் எல்லாப் படகிலும் இருப்பதால் இடத்தையும் எண்ணாகவே எழுதலாம் என்று அவனே சொன்னான். அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன்.

பெரியவர் தாளை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். "மீனுக்குக் கட்டமே இல்லியே, டீச்சர்? சூர ஓடுச்சா, கவல ஓடுச்சான்னு எழுதாம பட்சிய மட்டும் எழுதி என்னா பண்ணுவ?"

எட்டாவது கட்டத்தைச் சேர்த்த கையோடு ஒன்பதாவதும் போட்டாகிவிட்டது. பேருந்து இரண்டரைக்கு. பொன்னேரியில் ஜெராக்ஸ் எடுத்து, போகிற ஆட்டோவில் கொடுத்தனுப்ப வேண்டும்.